மலையேறும் கிழட்டு ஜீப்புகள்

கேரள எல்லை மலைகளில் ஆறு நாள் ஓட்டம், ஏழாம் நாள் பட்டறை. பழைய ஜீப்புகள் இல்லாமல் ஏலக்காயும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. சட்டம் அவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கிறது.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஞாயிறன்று விடுமுறை. அதனாலேயே இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கத்து ஜீப் பட்டறைகளுக்கு அன்று வேலை அதிகம். தகரக் கூரையின் கீழ், சக்கரங்கள் கழற்றப்பட்ட வண்டிகள் மரக்கட்டைகள் மீது உட்கார்ந்திருக்கின்றன. அடியில் படுத்திருப்பவரின் கால்கள் மட்டும் வெளியே தெரியும். துருப்பிடித்த போல்ட்டுகள் டீசலில் ஊறும். பெரும்பாலான வண்டிகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. சில, அவற்றைப் பழுது பார்க்கும் பையன்களைவிட மூத்தவை.

திங்கள் முதல் சனி வரை இந்த ஜீப்புகள் செய்யும் வேலையைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு சத்தம் என்பது புரியும். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் பொழுது விடியுமுன்பே சாப்பாட்டுத் தூக்கோடு தெருமுனையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் அடிவாரத்திலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம். தார்ச்சாலை இருக்கும்வரை பேருந்து போகும், தோட்டத்துக்குள் போகாது. ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் தேடும் பயிர். அது இருக்கும் இடத்துக்குப் போகும் பாதையும் அப்படித்தான்: சேறு, வேர், வழுக்கும் பாறை. இந்தக் கடைசி மூன்று, நான்கு கிலோ மீட்டருக்காகத்தான் ஜீப். மாலையில் அதே பாதையில் இறக்கம். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப் போல் இரு மடங்கு பேர் ஏறுவது இங்கே யாருக்கும் புதிதல்ல.

இந்தப் பாரத்தை முதலில் வாங்குவது பட்டைகள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, யு போல்ட் போட்டு இறுக்கிய எஃகு வில்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் முதல் பட்டையின் இரு முனைகளும் கண் போல வளைந்திருக்கும். வண்டியின் சட்டத்தோடு ஆக்ஸிலைப் பிணைப்பது அதுதான். நடுப்பட்டை உடைந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், எப்படியோ வீடு வந்து சேரலாம். முதல் பட்டை உடைந்தால் ஆக்ஸிலே இடம் பெயரும். வளைவில் அப்படி நேர்ந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்க வண்டி இன்னொரு பக்கம் போகும். எனவே ஞாயிறு காலையில் மெக்கானிக் முதலில் செய்வது பட்டைகளைத் துடைத்து, விரிசல் தேடுவது. பிறகு புஷ், கிங் பின் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், பிரேக் லைனர். ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளில் டிரம்முக்குள் சேறு புகுந்து லைனரை அரம் போல ராவிவிடும். கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் போல வெளுத்து வருவதும் உண்டு.

இதையெல்லாம் சுத்தியல், ஸ்பானர், வெல்டிங் இயந்திரம், பக்கத்து ஊர் லேத் ஆகியவற்றைக் கொண்டே முடித்துவிட முடிகிறது என்பதுதான் பழைய ஜீப்பின் பலம். இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில துண்டுகள், முன்னும் பின்னும் உறுதியான ஆக்ஸில்கள், இயந்திர முறையில் டீசலைப் பீச்சும் பம்ப். சென்சார் கிடையாது, கணிப்பொறி கிடையாது. மலையில் நின்றுபோன புதிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வரவேண்டும்; பழைய ஜீப்பை அங்கேயே படுத்துக்கொண்டு சரிசெய்யலாம். நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் இரண்டாவது நெம்புகோலும், எறும்பு வேகத்தில் பெரும் இழுவிசை தரும் தாழ்ந்த கியரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் இந்தத் தாழ்ந்த கியர்தான் உண்மையான பிரேக். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் டிரம் சூடேறி, மிதிக்கும்போது பிடிக்காமல் போகும்.

வண்டியின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் தயாரித்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது மஹிந்திரா. 1945இல் ‘மஹிந்திரா அண்டு முகமது’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்று, பின்னாளில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என்று மாறியது. பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டப்பட்ட ஜீப்புகள், பிறகு இங்கேயே தயாராகின. போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் நீட்டி, பெஞ்சு போட்டு, வண்ணம் தீட்டி ஜீப்னி என்ற பஸ் ஆக்கிக்கொண்டார்கள். இடுக்கிக்காரர்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே, வண்ணம் மட்டும் குறைவு.

இந்த மலைகளில் நடந்த முதல் பெரிய ‘மாற்றம்’ அழகுக்காக அல்ல, எரிபொருள் செலவுக்காக. பழைய வில்லிஸ் வகை பெட்ரோல் எஞ்சின் ஏற்றத்தில் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். டீசல் விலை குறைவாக இருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது பட்டறைகளின் வழக்கமான வேலை. நிறுவனமே டிராக்டரில் பயன்பட்ட இன்டர்நேஷனல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தி விற்றது. 80களில் வந்த எம்.எம். 540இல் பிரான்ஸின் பெழோ எஞ்சின் இருந்தது. அதன் பிறகு வந்த நீளமான கமாண்டரும் மேஜரும்தான் இன்று மலைகளில் ஆள் ஏற்றும் ஜீப்புகளில் பெரும்பகுதி. 2018இல் மஹிந்திரா இதே பழைய வடிவத்தை ‘ராக்சர்’ என்ற பெயரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தயாரித்து விற்கத் தொடங்கியபோது, ஜீப் பெயருக்கு உரிமை கொண்ட நிறுவனம் காப்பியடித்துவிட்டதாக வழக்குத் தொடுத்தது தனிக்கதை.

சூரியநெல்லியில் நிலைமை தலைகீழ். இங்கே வார இறுதிதான் வருமானம். பட்டறைக்கு வார நாட்கள். சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க, அதிகாலை நாலு மணியிலிருந்தே ஜீப்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. பன்னிரண்டு கிலோ மீட்டர் சுமாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் பாதையின் லட்சணத்தை ஊகிக்கலாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வழி கேரளத்திலிருந்து மட்டுமே. தமிழ்நாட்டின் பக்கம் குரங்கணிக்கு இறங்குவது ஒற்றையடிப் பாதை, 2018 மார்ச்சில் மலையேற்றக் குழுவினர் 23 பேரைக் காட்டுத் தீ பலிகொண்ட சரிவு. மேலே, 1930களின் தேயிலைத் தொழிற்சாலை இன்னும் இயங்குகிறது. பழைய இயந்திரங்களைப் பார்க்க, பழைய இயந்திரங்களில் ஏறிப்போகிறார்கள் நகரத்து மக்கள். குலுங்கலில் தலை கம்பியில் இடித்துக்கொள்வதும் கட்டணத்தில் அடக்கம்.

பாலக்காடு மாவட்டத்திலும் இதே தேவை, வேறு முகம். நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி ஏறினால், மாம்பாறை உச்சிக்குப் போகும் கல் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் நகராது. அட்டப்பாடியில், முக்காலியிலிருந்து சைலன்ட் வேலியின் சைரந்திரி வரையிலான 23 கிலோ மீட்டருக்கு ஜீப் சுற்றுலா வாகனம்; அதே முக்காலியிலிருந்து காட்டுக்குள் ஆனவாய் பக்கம் போகும்போது அது குறும்பர் குடிகளின் அரிசி வண்டி, பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ். இடுக்கியில் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சியாக உருவான இடமலைக்குடியின் முதுவர்களுக்கும் மூணாறோடு இருந்த தொடர்பு, வெகுகாலம் ஜீப் போகும்வரை ஜீப், அதற்குமேல் கால்நடை என்பதுதான்.

இந்த உழைக்கும் ஜீப்புகளுக்கு நடுவே, வார இறுதிகளில் கோவையிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வேறொரு ரகம் வருகிறது. உயர்த்திய பட்டைகள், வண்டியைவிடப் பெரிதாகத் தெரியும் டயர்கள், முன்னால் இழுவை வின்ச், எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காற்றிழுக்க மூக்குக் குழாய், உருண்டால் தலையைக் காக்க இரும்புக் கூண்டு. வண்டி வாங்கிய விலையைவிட மாற்றங்களுக்கு ஆன செலவு அதிகம் என்பது இவர்களுக்குப் பெருமை. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் இப்படி ஜீப் கட்டித் தருவது ஊர்த் தொழில். உதிரி பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிட முடியாது. கைவிடப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ வண்டிகளை இந்த ஆர்வலர்கள்தான் மீட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். ஆனால் பார்வைக்கு வீரமான மாற்றம் எல்லாம் பாதுகாப்பானது அல்ல. வண்டியை உயர்த்தினால் அதன் எடை மையமும் உயரும், சரிவில் உருள்வது எளிதாகும். டயரைப் பெரிதாக்கினால் அதே பழைய டிரம் பிரேக் அதிகப் பாரத்தை நிறுத்த வேண்டும். புல்வெளியிலும் ஓடையிலும் இந்த டயர்கள் கீறிவிட்டுப் போகும் தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டுகிறது.

சட்டம் இந்த இரண்டு ரகத்தையும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறது. 1988இன் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. தொடக்கத்தில் அதிகாரியிடம் அனுமதி பெற்று மாற்றங்களைச் செய்ய அதில் இடம் இருந்தது. டீசலுக்கு மாறிய பழைய ஜீப்புகளின் ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் வாசலைக் குறுக்கியது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை அம்சங்களை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. 2022 மே மாதம் வாகமண்ணில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஜீப் சாகசத்தில் கலந்துகொண்ட மலையாள நடிகர் ஒருவர் மோட்டார் வாகனத் துறைக்கு அபராதம் கட்டினார். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கே தடை விதித்து, சோதனைகளுக்குப் பின் நிபந்தனைகளோடு அனுமதித்தது.

அபராதத்துக்கு அகப்படாத இன்னொரு சுமை, வயது. 15 ஆண்டுகள் முடிந்த கார், ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரல் முதல் உயரும் என்று மத்திய அரசு அறிவித்தது. 20 ஆண்டுகளைத் தாண்டியவற்றுக்கு 10,000 ரூபாய் என்று 2025இல் மற்றொரு அறிவிக்கை. வின்ச்சுக்கே அதைவிட அதிகம் செலவிடுகிறவருக்கு இது பொருட்டல்ல. தோட்டக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஒற்றை ஜீப் முதலாளிக்கு இது ஒரு ஜோடி டயர்.

வினோதம் என்னவென்றால், ஆள் நிரப்பிய ஜீப்பில் சட்டப்படி ‘மாற்றம்’ எதுவும் இல்லாமலே இருக்கலாம். பட்டை ஒரிஜினல், டயர் ஒரிஜினல், எஞ்சின் ஒரிஜினல். மாறியிருப்பது அதன் மேல் ஏறிய எடைதான். 2023 ஆகஸ்டில் வயநாட்டின் கண்ணோத்து மலையில் தேயிலை பறித்துத் திரும்பிய பெண்களின் ஜீப் பள்ளத்தில் உருண்டு ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் சென்றது சாகசத்துக்காக அல்ல. பட்டறையில் விரிசல் தேடுகிற மெக்கானிக் அந்த எடையைக் குறைக்க முடியாது. இன்னும் ஒரு பட்டை சேர்த்து வைக்கலாம். சேர்த்தால் வண்டி இன்னும் நாலு பேரைத் தாங்கும், ஏற்றுகிறவரும் ஏற்றுவார். தோட்டங்கள் கூடுதல் வண்டிக்குச் செலவிட்டாலோ, இரு மாநிலங்களும் காலை, மாலை நேரத்துக்குச் சிறு பேருந்துகளை விட்டாலோ நிலைமை மாறலாம். தொழிலாளர்கள் ஒரு மாநிலம், தோட்டம் இன்னொரு மாநிலம் என்பதால் இரண்டுக்குமே இது அடுத்த வீட்டு விவகாரம்.

மாலைக்குள் சக்கரங்கள் பூட்டப்படுகின்றன. கிரீஸ் அடித்து, போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கி, ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். லேத்திலிருந்து வரவேண்டிய புஷ் வரவில்லை என்றால் பழையதையே திருப்பிப் போட்டு அனுப்புவதும் உண்டு. திங்கள் விடிவதற்குள் வண்டி போடியில் நிற்க வேண்டும்.