காக்காவின் கணினி

எங்கள் வீட்டு முன்னறை மூலையில் காக்காவின் கணினி இருக்கிறது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி அது. 2018இல் அதை வாங்கி வந்து, உள்ளே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி, "இனி இது கேமிங் கொம்பியூட்டர்" என்று காக்கா அறிவித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். அப்போது நான் ஆறாம் தரம்.

2022இல் நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. காக்கா வேலை செய்த கடை மூடப்பட்டது. அந்த வருடமே அவர் கட்டாருக்குப் போய்விட்டார். போகும்போது கணினியை எனக்கும் தம்பிக்கும் தந்து, "தூசு பிடிக்க விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அங்கே வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அதனால் வியாழன் இரவுகள் எங்களுடையவை. அவருக்கு எட்டு மணியாகும்போது எங்களுக்குப் பத்தரை. ரொக்கட் லீக் என்ற விளையாட்டை நாங்கள் விளையாடுவோம். கார்களை ஓட்டி, பெரிய பந்தை முட்டிக் கோல் போட வேண்டும். 2020 முதல் அது இலவசம். காக்கா தன் அறையில் பழைய மடிக்கணினியோடு இருப்பார். நானும் தம்பியும் மாறி மாறி அவருடைய அணியில் சேர்வோம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவோம். சாதாரணமாகப் போன் எடுத்தால் காக்கா "சாப்பிட்டீங்களா, படிக்கிறீங்களா" என்று கேட்டு முடித்துவிடுவார். விளையாடும்போதுதான் அவர் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்க உம்மாவும் கதவடியில் வந்து நிற்பார்.

கடந்த வருடம் திரையில் வண்ணச் சதுரங்கள் தோன்றத் தொடங்கின. படம் சிக்கிச் சிக்கி நின்றது. கார்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு விசிறி சுற்றவே இல்லை. தூசைத் தட்டி, விசிறிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். சில நூறு ரூபாதான் செலவு. இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு வியாழன் இரவு, ஆட்டத்தின் நடுவில் திரை கறுத்துப்போனது.

"எவ்வளவு வேணும் தங்கச்சி? நான் அனுப்புறன்" என்றார் காக்கா.

"வேணாம் காக்கா" என்று உடனே சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே கல்யாணம் செய்து வைப்பது வழக்கம். எங்கள் வளவின் பின்பக்கம் ஓர் அத்திவாரம் இருக்கிறது. அது எனக்கான வீடு. காக்கா அனுப்பும் பணம் மாதாமாதம் கல்லாகவும் மணலாகவும் அங்கே இறங்குகிறது. அவருக்கு வயது 26. தனக்கென்று இதுவரை ஒன்றும் வாங்கவில்லை. அவரிடமே விளையாடவும் காசு கேட்க என் வாய் வரவில்லை.

உம்மாவிடம் "படிப்புக்கு வேணும்" என்று சொல்லியிருந்தால் எப்படியாவது புரட்டித் தந்திருப்பார். நான் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பதால் அந்தப் பொய்யை அவர் நம்பவும் செய்வார். ஆனால் பாடத்துக்கு அந்தக் கணினி கார்ட் இல்லாமலே போதும். அது எனக்குத் தெரியும். "விளையாடத்தான் உம்மா. காக்காவோட விளையாட" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உன்ட காசில வாங்கு" என்றார்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசும், எனதும் தம்பியினதும் பெருநாள் காசும் சேர்ந்து 24,000 ரூபா இருந்தது. அதற்குள்தான் எல்லாம்.

முதலில் என் கண் போனது ஆர்எக்ஸ் 570 என்ற கார்டில். கிரிப்டோ நாணயம் எடுப்பதற்காக இப்படிப்பட்ட கார்டுகளை உலகம் முழுவதும் வாங்கிக் குவித்திருந்தார்கள். 2022 செப்டெம்பரில் எதிரியம் என்ற நாணயம் தன் முறையை மாற்றியதும் அந்த வேலை இல்லாமல் போய், அவை பழைய விலைக்குச் சந்தைக்கு வந்தன. விலைக்கு நல்ல வேகம். வாங்கிவிடலாம் என்று துள்ளினேன்.

வாப்பா தையல்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பழைய மெசினுக்குப் பெரிய மோட்டர் போட்டா பெல்ட் அறும். இது தாங்குமா எண்டு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. அன்றிரவுதான் கணினியைத் திறந்து பவர் சப்ளையில் எழுதியிருந்ததை வாசித்தேன். 290 வொட். அந்தக் கார்டுக்கு மட்டும் 150 வொட் வேண்டும். மதர்போர்டில் கார்ட் செருகும் இடம் தரக்கூடியது 75 வொட்தான். மீதிக்குத் தனி வயர் வேண்டும். எங்கள் பவர் சப்ளையில் அந்த வயரே இல்லை. பழைய கார்ட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வொட்டில் ஓடியதால் இவ்வளவு நாள் பிரச்சினை தெரியவில்லை. ஆர்எக்ஸ் 570 வாங்கினால் பவர் சப்ளையும் வாங்க வேண்டும். அதற்குக் காசு இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் யோசித்தேன். எங்கள் மொனிட்டர் 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது. இப்போதைய சாதாரண 1920க்கு 1080 மொனிட்டரில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. பெரிய கார்டின் பலத்தைக் காட்ட அதில் இடமே இல்லை. எங்களுக்குத் தேவை 75 வொட்டுக்குள் ஓடும் ஒன்று. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போதும். பழையதைவிட நினைவகமும் இரு மடங்கு, 4 ஜிபி.

ஒருவர் அதை 14,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னார். பெட்டியோடு, பளபளவென்று இருந்தது. எங்கள் மொனிட்டருக்கு ஏற்ற நீல நிற வீஜிஏ வாயும் அதில் இருந்தது. எல்லாம் எனக்காகவே செய்தது போல் தோன்றியது. காசை எடுக்கும்போதுதான், முதல் நாள் படித்தது நினைவுக்கு வந்தது. 1050 டிஐயின் சிப் வீஜிஏக்குரிய பழைய வகைச் சிக்னலைத் தருவதில்லை. அப்படியானால் இந்த வாய் எப்படி வந்தது? ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பழைய சிப்பில் புதுப் பெயரை எழுதி விற்றால் அது காட்டிக்கொடுத்துவிடும். அவர் முகம் மாறியது. "நம்பிக்கை இல்லாட்டி வேணாம் தங்கச்சி" என்று பெட்டியை மூடினார். எனக்குப் பிடித்துப்போன அந்த வாய்தான் ஏமாற்றின் அடையாளம் என்பதை நினைத்து வீடு வரும் வரை கை நடுங்கியது.

கடைசியில் ஒலுவிலில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தான் பாவித்த கார்டை 20,000 ரூபாவுக்கு விற்றார். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனோம். அவருடைய கணினியிலேயே அரை மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். சதுரங்கள் இல்லை, சூடு அளவோடு இருந்தது, இரண்டு விசிறிகளும் சுற்றின. ஜிபியு-இசட்டும் பெயரைச் சரியாகச் சொன்னது. வரும் வழியில் கல்முனையில் எச்டிஎம்ஐயை வீஜிஏயாக மாற்றும் கருவி ஒன்று வாங்கினோம். அது 1,200 ரூபா.

அந்த வியாழன் இரவு முதல் கோலை நான் போட்டேன். "என்ன தங்கச்சி, இப்ப சிக்காம ஓடுது!" என்று காக்கா கத்தினார். கதவடியில் நின்ற உம்மா, "ஆரு கோல் போட்ட?" என்று கேட்டார். அவர் விளையாட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மீதி 2,800 ரூபாவை வாப்பாவிடம் கொடுத்தேன். அந்த மாதம் ஒரு பை சீமெந்துக்கு அது போதுமாக இருந்தது. பின் வளவில் எழும் சுவரில் அதுவும் எங்கோ இருக்கிறது. காக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகையை அனுப்பும்போது அவரே வாசித்துக்கொள்ளட்டும்.