நிலவு நிலாவான கதை



பாடல் எழுதுவது எளிது. பாடகர்களை ஓரிடத்தில் கூட்டுவதுதான் அரிது. 2008-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவின்போது இதைக் கற்றேன்.

என் பழைய மாணவன் ஒருவன் கிள்ளானில் நண்பர் மூவருடன் ராக் இசைக்குழு நடத்தி வந்தான். ஆறாம் ஆண்டில் ஓயாமல் மேசையைத் தட்டி என்னிடம் ஏச்சு வாங்கியவன். "மெட்டு நாங்க தர்றோம், வரி நீங்க எழுதுங்க சார்" என்றான். மகிழ்ந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். கடைவீட்டு மாடியில், பூட்டிய கதவின் முன் நண்பகல்வரை நின்றேன். முந்திய இரவுக் கொண்டாட்டம் விடியும்வரை நீண்டதாம். அடுத்த வாரம் இருவர் வந்தனர். மெட்டைப் பதிந்திருந்த கைத்தொலைபேசி வரவில்லை. மூன்றாம் வாரம் நால்வரும் வந்தனர், மது வாடையுடன்.

ஆயினும் அன்றுதான் பாடல் பிறந்தது. ஓரடியை நான் 'நிலவு' என்று முடித்திருந்தேன். அவன் கித்தாரை நிறுத்தினான்.

"சார், இங்க நாலு தாளம் இழுக்கணும். 'நிலவூ'ன்னு கேக்குது. 'நிலா'ன்னு வைங்க, வாய் தொறந்து பாடலாம்."

குறில் நெடில் கற்பித்தவன் நான். குறிலை நீட்டினால் சொல் சிதையும் என்பதை எனக்குக் காட்டியவன் அவன். மேசை தட்டிய அந்தப் பையன் அன்றும் தாளத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் போலும்.

மாணவர்களுடன் ஒத்திகை பார்க்கும் நாள் வந்தது. முப்பது பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருந்தனர். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "கித்தார் அண்ணன் வந்துட்டாரா?" என்று வாயிற்படிக்கு ஓடி ஓடிப் பார்த்தான். அண்ணன் வரவேயில்லை. கைதட்டித் தாளம் போட்டு நானே சொல்லிக் கொடுத்தேன்.

விழா அழைப்பிதழில் அவன் பெயர் வேண்டாம் என்றனர் சக ஆசிரியர்கள். எனக்கும் சினம்தான். ஆனாலும் பாதிப் பாடல் அவனுடையது, பெயரைச் சேர்த்தேன்.

பிறகு மன்னிப்புக் கேட்டு வந்தான். "உன் உழைப்புக்கு உரியதைத் தந்துவிட்டேன். மன்னிப்பைப் படியில் காத்திருந்தவனிடம் கேள்" என்றேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்குச் சென்று அச்சிறுவனின் எதிரே தலைகுனிந்து அமர்ந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

"கலைஞன் என்றால் அப்படித்தான்" என்போர் உண்டு. 1974-இல் ஜான் லெனன், ஹாரி நில்சனின் இசைத்தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். குடியும் கூத்துமாகக் கழிந்த அந்நாள்களில் நில்சனின் குரல்நாண் கிழிந்தது. லெனன் பதிவை நிறுத்திவிடுவார் என அஞ்சி அதனை மறைத்தே பாடினார். கூத்து கலையை வளர்க்கவில்லை, குரலைத்தான் தின்றது.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! பிள்ளையின் திறமையைக் கண்டு அவன் குறையை மன்னித்துவிடவும் வேண்டாம். குறையைக் கண்டு திறமையை மறுத்துவிடவும் வேண்டாம். இரண்டையும் தனித்தனியே அவனிடம் சொல்வோம். அவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோது நான் ஒன்றை மட்டுமே சொன்னேன்.