எவ்வளவு போடுவீங்க?

அடுக்கம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அடியே,

உன் கடிதம் வந்துச்சு. மூணு பக்கம் எழுதி, அதுல ரெண்டு பக்கம் உன் மாணவிகளைத் திட்டியே தீர்த்திருக்கே. 'ஷீ புட் சீன்', 'வீ புட் ஃபைட்'னு பரீட்சைத் தாள்லயே எழுதுறாளுகன்னு ஒரே புலம்பல். மார்க்கைக் குறைச்சியா, இல்லையா? குறைச்சிருப்பே. கல்லூரி நாள்லயே நீ கமாவுக்கு அழுதவ.

அந்தப் பிள்ளைக பக்கம் நான் கொஞ்சம் பேசுறேன், கோவிச்சுக்காதே.

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணைத் தெரியுமில்ல, சென்னையில படிச்சு அங்கேயே வேலை பார்க்கிறவ. லீவுக்கு வந்திருக்கா. எங்க தெருவுல போன் சிக்னல் ஒழுங்கா எடுக்கிறது ஒரே இடத்துலதான், கோயிலுக்கு மேல ரோடு திரும்புற வளைவு. காலையில அங்க போய் நின்னா மத்தியானம் வரைக்கும் பேச்சுதான். 'டோன்ட் புட் மொக்கை', 'ஹீ இஸ் புட்டிங் கடலை வித் ஹெர்', 'ஐ புட் சூப்பர் தூக்கம்'. அவ அப்பத்தா அந்த வளைவுல உக்காந்து காப்பிப் பழம் உலர்த்துற பாயைக் காவல் காக்குது. நாலு நாள் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, என்கிட்ட வந்து ரகசியமா, "ஏத்தா, இந்தப் புள்ளைக்கு மெட்ராசுல புட்டு மட்டுந்தான் போடுறாங்களா? எந்நேரமும் புட்டு புட்டுங்குறா"ன்னு கேக்குது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து வலியே வந்துருச்சு.

ஆனா அந்தக் கிழவி கேட்டதுல பாதி சரிடி. அவ பேசுறது இங்கிலீஷ் 'புட்' இல்லை. நம்ம 'போடு'தான், பேன்ட் மாட்டிக்கிட்டு வந்திருக்கு.

யோசிச்சுப் பாரு. இங்கிலீஷ்காரன் 'புட்'ங்கிற வினையை வச்சுக்கிட்டு அர்த்தத்தை மாத்தணும்னா பின்னாடி ஒரு பொடிச்சொல்லை ஒட்டுவான். புட் ஆஃப்னா தள்ளிவைக்கிறது, புட் டவுன்னா மட்டம் தட்டுறது, புட் அவுட்னா அணைக்கிறது, புட் அப் வித்னா சகிச்சுக்கிறது. நாம பின்னாடி ஒண்ணும் ஒட்டுறதில்லை. முன்னாடி ஒரு பெயரை வச்சா வேலை முடிஞ்சுது. சோறு போடு, சண்டை போடு, தூக்கம் போடு, கணக்குப் போடு, வேஷம் போடு, நாமம் போடு. அந்தப் பொண்ணு என்ன பண்றா? வினையை மட்டும் இங்கிலீஷ்ல எடுத்துக்கிட்டு, அதை ஓட்டுறது நம்ம பாணியில. சீன், கடலை, மொக்கைன்னு எந்தப் பெயர் கையில கிடைச்சாலும் சேர்த்துக் கட்டிடுறா. பொடிச்சொல்லே தேவைப்படலை பாரு. நீ அதைத் தப்பான இங்கிலீஷ்ங்கிறே. நான் ஒழுங்கான தமிழ் இலக்கணம்ங்கிறேன், சொல்லுதான் அயலூரு.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்லை. சென்னை ஐஐடி விடுதிகள்ல இந்த 'புட்' பல வருஷமா ஓடுது. அங்க யோசனை சொல்றதே 'புட்டிங் ஃபண்டா'தான். வடநாட்டுப் பையன், தெலுங்குப் பையன், தமிழ்ப் பையன் எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. தமிழே தெரியாத பையன்கூட 'போடு'வோட இலக்கணத்துல பேசிட்டு வீட்டுக்குப் போறான், அவனுக்கே தெரியாம! அந்த விடுதிப் பேச்சை வச்சு ஜெர்மனியில ஒரு பல்கலைக்கழகத்துல முதுகலை ஆய்வேடே எழுதியிருக்காங்க. 1959ல அந்த ஐஐடியைத் தொடங்க உதவினது மேற்கு ஜெர்மனி. கொடுத்த காசுக்கு என்ன விளைஞ்சிருக்குன்னு வந்து பார்த்திருப்பாங்க போல.

இப்ப உண்மையான சேதிக்கு வர்றேன். இதுக்குத்தானே நீ கடிதத்தைப் பிரிச்சே.

அந்தப் பொண்ணைப் பார்க்கப் பெரியகுளத்துல இருந்து வந்தாங்க. கும்பக்கரைப் பாதையில ஏறினா சட்டுனு வந்துரலாம். ஆனா அந்தப் பாதையைப் போடவே வருஷக்கணக்கா இழுத்தாங்க, போட்ட பிறகும் ஒரு நல்ல மழைக்கு மண்ணு சரிஞ்சு மூடிக்கும். அன்னைக்கும் மூடித்தான் கிடந்துச்சு. தேவதானப்பட்டி, காட் ரோடு, பெருமாள்மலைன்னு ஊரையே சுத்தி வந்தாங்க. கொண்டை ஊசி வளைவுல மாப்பிள்ளையோட அத்தைக்கு வாந்தி. இறங்கும்போதே மூஞ்சி சரியில்லை.

பலகாரம் ஆச்சு, காப்பி ஆச்சு. அந்த அம்மா டம்ளரைக் கீழ வச்சுட்டு, சேலைத் தலைப்பால வாயைத் துடைச்சுக்கிட்டு, நேரா அப்பத்தாவைப் பார்த்துக் கேட்டுச்சு: "பொண்ணுக்கு எவ்வளவு போடுவீங்க?"

கூடம் அப்படியே அமைதியாயிருச்சு. பொண்ணோட அப்பா தரையைப் பார்க்கிறார். அப்பத்தா வெத்தலையை ஒரு கன்னத்துல இருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிட்டு ஆரம்பிச்சுச்சு பாரு. "மேக்காட்டுல காப்பி போட்டிருக்கோம். சில்வர் ஓக்கு மரத்துல எல்லாம் மிளகு போட்டிருக்கோம். கீழ மலைவாழை போட்டிருக்கோம். பேத்திக்குக் காசைப் போட்டுப் படிப்பு போட்டோம். வந்த உங்களுக்குத் தலைவாழை இலை போட்டோம். இன்னும் என்னத்தப் போடணும்கிறீக? சொல்லுங்க, போட்டுருவோம்."

ஒரே போடு! அந்த அம்மா வாயைத் திறக்கலை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சான். நான் பார்த்தேன். பொண்ணும் பார்த்தா. சாயங்காலம் வளைவுல நின்னு அவ தோழிகிட்ட என்ன சொன்னா தெரியுமா? "ஆன்ட்டி புட் சீன், பாட்டி புட் எண்ட் கார்ட்." இதை உன் இலக்கண இங்கிலீஷ்ல இவ்வளவு சுருக்கா சொல்லு பார்ப்போம்.

உன்னை மாதிரிப் படிச்சவங்களுக்குன்னு ஒரு தகவல் வச்சிருக்கேன். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில ரொம்ப காலமா நீளமான பதிவு 'செட்'டுக்குத்தான். 2000ல 'மேக்' அதை முந்துச்சு. 2007ல யாரு முந்தினது? நம்ம 'புட்'! நாலு வருஷம் கொடி பறந்துச்சு. 2011ல 'ரன்' வந்து பறிச்சுக்கிச்சு. அந்த ஒரு 'ரன்'னுக்கு மட்டும் 645 அர்த்தம், அதைப் பிரிச்சு அடுக்க பீட்டர் கில்லிவர்ங்கிற ஆசிரியருக்கு ஒன்பது மாசம் ஆச்சாம். ஒரு பிள்ளையே பெத்திருக்கலாம். 'போடு'வை அந்த மனுஷன் கையில கொடுத்துப் பார்க்கணும். அதுவும் ஒட்டன்சத்திரம் பக்கத்து எங்க மதினி, "சாப்ட்டுப் போட்டு வர்றேன்", "சொல்லிப்போட்டேன்"னு எல்லா வினைக்கும் வால் மாதிரி அதை ஒட்டுவாங்களே, அதைக் கேட்டா ராஜினாமா எழுதிக் கொடுத்துருவார்.

வால்னதும் ஞாபகம் வருது. 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில 'பட்லர் இங்கிலீஷ்'னு ஒரு பதிவு இருக்கு. மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரங்க பேசினது. 'சொல்லிட்டேன்'ங்கிறதுக்கு 'ஐ டன் டெல்'னு சொல்வாங்களாம். அதைத் தொகுத்த ரெண்டு பேர்ல பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், காதால கேட்டிருப்பார். நம்ம கொடைக்கானலுக்கு 1845லயே மதுரை அமெரிக்க மிஷன்காரங்க கோடைக்கு ஏறி வந்துட்டாங்க. அந்த பங்களாச் சமையல்கட்டுல எத்தனை 'டன்' போட்டிருப்பாங்களோ! 'சொல்லி'க்குப் பின்னால வர்ற 'விட்டேன்'தான் அந்த 'டன்'னா மாறியிருக்கணும்னு எனக்கு ஒரு ஊகம். நீ புரொபசர், நீதான் தீர்ப்புச் சொல்லணும்.

நம்ம ஆளுங்களும் 'போடு'வைக் கொஞ்சம் மட்டமாத்தான் நடத்துறாங்க. ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் அதுக்கு அனுமதி. பட்டாவுக்கு நான் மனு 'போட்டேன்', கையெழுத்து 'போட்டேன்'. உள்ளே போனதும் அது கையொப்ப'மிட்டு' ஆயிருச்சு. உத்தரவைப் போடுறதில்லை, ஆணை'யிடு'வாங்க. சண்டை போட்டா வீடு, சண்டையிட்டா பத்திரிகை. திட்டம் போட்டா கிரிமினல், திட்டமிட்டா கலெக்டர். 'இடு' பழைய நல்ல சொல்லுதான், நான் மறுக்கலை. ஆனா எந்த வீட்டுல, "கொஞ்சம் சோறிடு"ன்னு கேக்குறாங்க?

இன்னொரு கூத்து கேளு. மேலத்தெரு மாமா, அதான் சாயங்காலமானா தண்ணி போட்டுட்டு ரோட்டையே அளந்துக்கிட்டு வருவாரே, அவர் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுட்டார். கறுப்பு வேட்டி, பட்டை, எல்லாம் பளிச். அத்தைகிட்ட, "என்ன, மாமா திருந்திட்டாரா?"ன்னேன். "எங்கிட்டுத் திருந்த! முன்ன ஆஃபு போட்டாரு, இப்ப மாலை போட்டிருக்காரு. தை பொறந்ததும் ரெண்டுல எதைக் கழட்டுவாருன்னு உனக்குத் தெரியாதாக்கும்"னு சொல்லிட்டுப் பூண்டுப் பாத்திக்குக் களை எடுக்கப் போயிருச்சு.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னாங்கன்னு கேக்காதே. பெரியகுளத்துச் சேதியில பாதியைக் கடைக்கார அண்ணன்கிட்ட போட்டு வாங்கினேன். "அந்தப் பையன் மறுபடி போன் பண்ணினானாமே"ன்னு சும்மா ஒரு தூண்டிலைப் போட்டேன். "உனக்கு எப்படித் தெரியும், மூணு தடவை பண்ணிட்டானே!"ன்னு அவரே கொட்டிட்டார். நான்தான் கேட்டேன்னு யாருகிட்டயும் போட்டுக் கொடுத்துராதே.

மாப்பிள்ளையோட அத்தையம்மா இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்காம். பவுன் பேச்சை விட்டுட்டு வந்தா பேசலாம்னு அப்பத்தா சொல்லிவிட்டிருக்கு. பொண்ணு அந்த வளைவை விட்டு நகர்றதே இல்லை, ஆனா இப்பல்லாம் இங்கிலீஷ் அவ்வளவா காதுல விழலை.

காப்பிப் பழம் பறிக்க ஆள் வந்தாச்சு, காலையில இருந்து கூப்பாடு. நீ பொங்கல் லீவுக்கு வர்றதா இருந்தா கும்பக்கரை திறந்திருக்கான்னு என்கிட்ட கேட்டுட்டு பஸ் ஏறு. அந்தப் பரீட்சைத் தாளையும் கொண்டு வா. நானும் அப்பத்தாவும் உக்காந்து மறுபடி மார்க் போடுறோம்.

உன்,
அடுக்கத்துக்காரி