ஆயாவுக்கும் அதே ஊசி

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்துச் சேரிகளில் ஒரு பெண் பன்னிரண்டாவது முடித்தால் 'அடுத்து என்ன?' என்று யாரும் கேட்பதில்லை. ஷூ கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நிற்கிறது. காலையில் ஏறினால் இருட்டிய பிறகு இறங்கலாம். எங்கள் அம்மாக்கள் அந்த பஸ்ஸில் போனவர்கள். அப்பாக்கள் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள். 'நாங்கள்' என்று இங்கே எழுதுவது ஒரே காலனியில் பிறந்த நான்கு பெண்கள். நான்கு பேரும் பி.எஸ்சி. நர்சிங்கில் 2014இல் சேர்ந்து 2018இல் முடித்தோம். படிப்பதற்காக வேலை செய்தோம். படித்து முடித்து வேலைக்குப் போனதும் அந்தப் படிப்புக்குரிய கூலிக்காகச் சண்டை போட்டோம். நர்சிங் சேர நினைக்கிற தங்கைகளும் தம்பிகளும் எங்களிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

வேலூருக்கும் நர்சிங்குக்கும் இருக்கிற உறவு பழையது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946இல் நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியபோது, தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி, இன்னொன்று வேலூர். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அந்த ஊருக்கு பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தும், எங்கள் காலனியில் எங்களுக்கு முன்னால் ஒரு நர்ஸ்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். எல்லாரும் கூட்டித் துடைக்கிற வேலை.

முதலில் சீட்டு பற்றி. சுயநிதிக் கல்லூரிக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு. ஒன்று, கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வு, அதாவது அரசு ஒதுக்கீடு. இன்னொன்று, நிர்வாக ஒதுக்கீடு. இரண்டாவது வாசலில் தரகர்கள் நிற்பார்கள். ரிசல்ட் வந்த வாரமே வீடு தேடி வந்து, 'கவுன்சலிங் எல்லாம் உங்களுக்கு எதுக்கு, நான் பாத்துக்கிறேன்' என்பார்கள். நம்பாதீர்கள். 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92, ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகிய மூன்று பிரிவு மாணவர்களுக்கும் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. எங்களில் ஒருத்தி கிறித்தவக் குடும்பம். சாதிச் சான்றிதழில் பி.சி. என்று இருந்ததால் உதவித்தொகை கிடையாது என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அரசாணையின் நகலை எடுத்துக்கொண்டு மறுநாள் நான்கு பேருமாகப் போனோம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய விதிகள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலிருந்து நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களை நீக்கிவிட்டன. ஆகவே இன்று எந்த வாசலில் நுழைகிறோம் என்பதுதான் நான்கு வருடக் கடனைத் தீர்மானிக்கிறது. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் கலந்தாய்வில் கடைசிச் சுற்று வரைக்கும் காத்திருங்கள்.

கட்டணத்தை அரசு ஏற்றாலும் பணம் உரிய நேரத்தில் வராது. வரும்வரை கல்லூரி பொறுக்காது. 'ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட்' என்பார்கள். சீருடை, ஷூ, புத்தகம், கேஸ் ஸ்டடி நோட்டு, பஸ் செலவு எதுவும் அரசாணையில் கிடையாது. அதற்காகத்தான் வேலை. நர்சிங் படித்துக்கொண்டே வேலைக்குப் போவது கலைக் கல்லூரியில் மாலை நேர வகுப்புப் படிப்பது போன்றது கிடையாது. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். வார்டு பயிற்சியைப் பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்தாக வேண்டும். காய்ச்சலுக்கு லீவு போட்டால்கூட அந்த நாளை விடுமுறையில் போய் ஈடுகட்ட வேண்டும். ஊரில் மற்ற பெண்களைப் போல 'ரெண்டு மாசம் கம்பெனிக்குப் போயிட்டு வந்து படிக்கிறேன்' என்று சொல்ல முடியாது.

எங்கள் ஏற்பாடு இப்படி இருந்தது. வீட்டுக்கு வரும் ஷூ அப்பர்களை ராத்திரியில் கையால் தைத்தோம். ஊசியும் நூலும் போட்டு ஒரு ஜோடி முடித்தால் பத்து ரூபாய்கூட வராது. சனி இரவும் ஞாயிறும் இருவர் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் உதவியாளராக நின்றார்கள். கோடை விடுமுறையில் நான்கு பேரும் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைனில் உட்கார்ந்தோம். மூன்றாம் ஆண்டில் எங்களில் ஒருத்தி தூங்கி விழுந்ததைப் பார்த்த ஆசிரியர், 'படிக்க ஆர்வமில்லாதவங்க ஏன் சீட்டை வீணாக்குறீங்க' என்றார். அவள் முந்தின ராத்திரி பதினெட்டு ஜோடி தைத்திருந்தாள். ஒருத்தி தைக்கும்போது இன்னொருத்தி பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். உடற்கூறியல் முழுவதையும் அப்படித்தான் படித்தோம். தனியாக இருந்திருந்தால் நான்கு பேரில் இரண்டு பேராவது முதல் வருடத்திலேயே நின்றிருப்போம்.

முதலாண்டில் இருந்தபோது, 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சகதி பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே வங்காளத்து ரயிலில்தான் நோயாளிகளும் வருகிறார்கள். ஒரு பெட்டியில் வருகிறவர்களைக் காப்பாற்ற ஒரு ஊர் முழுக்க விழித்திருக்கிறது. இன்னொரு பெட்டியில் வருகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. அழுக்கைக் கையாளுகிற வேலைக்கு யார் வருகிறார்கள், அவர்கள் உயிருக்கு என்ன காவல் என்ற கேள்வி அந்த வாரத்திலிருந்து எங்களை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குள் அதே கேள்வி வேறு வேடத்தில் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

படிப்பை முடித்ததும் அரசு வேலைதான் கனவு. அந்தக் கனவின் நிலவரத்தை இறுதியாண்டிலேயே பார்த்துவிட்டோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் 7,243 இடங்களுக்குத் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொன்னது நடக்காததால், 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். தேர்வு எழுதி ஜெயித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் தனியாரில் எப்படி இருக்கும்?

2018இல் பட்டத்தை வாங்கி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு, எங்களில் இரண்டு பேர் ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தோம். சம்பளம் 7,500. ஷூ கம்பெனியில் அம்மா வாங்கியது அதைவிட அதிகம். 'நாலு வருசம் படிச்சி இன்னாத்துக்கு?' என்று தெருவில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. சேரும் நாளிலேயே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனால் பணம் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நகை அடகு வைக்கும் குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே புரிந்தது.

தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தந்த பரிந்துரை எளிமையானது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை மாநில அரசுகளின் மேசைக்குப் போனது. எங்கள் கைக்கு வந்தது 7,500.

அந்த மருத்துவமனையில் எங்கள் பெரியம்மா முறை வேண்டிய ஒருவர் வேலை பார்த்தார். பல வருடம் தோல் ஷாப்பில் இருந்து, விரலெல்லாம் சுண்ணாம்பு அரித்து, பிறகு ஒப்பந்தக்காரர் மூலமாக இங்கே வந்தவர். வீட்டில் 'இன்னாடி கண்ணு' என்பவர் வார்டில் எங்களை 'சிஸ்டர்' என்பார். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலும் கூட்டுகிற பெண்ணுக்கு அதே பேர்தான். வீட்டில் மரியாதையாக இருக்கிற சொல் அங்கே மட்டும் ஏவுகிற சொல்லாகிவிடுகிறது. அங்கே இருந்த ஆறு ஆயாக்களும் எங்களைப் போன்ற தெருக்களிலிருந்து வந்தவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த மாதமே எங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் தவணை போட்டார்கள். ஆயாக்களுக்குப் போடவில்லை. எங்கள் கையில் ஊசி குத்தும் வாய்ப்பு ஒரு முறை என்றால், நாங்கள் போட்ட ஊசியைப் பை பையாகக் கட்டித் தூக்குகிற அவர்களுக்கு நாள் முழுக்க அந்த வாய்ப்பு. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை குத்தியிருந்தது. தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளோ, மருத்துவப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளுகிற மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

நர்சுகள் பதினோரு பேரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு மனு எழுதுவது என்று முடிவானது. சம்பளம், சான்றிதழ், வார விடுமுறை என்று மூன்று கோரிக்கைகள். நான்காவதாக ஆயாக்களின் தடுப்பூசியையும் கையுறையையும் சேர்க்க வேண்டும் என்றோம். அங்கேதான் சண்டை வந்தது. 'அவங்க கான்ட்ராக்ட். நம்ம கோரிக்கையோட அதைக் கலந்தா நம்ம பேச்சு எடுபடாது' என்றார் ஒரு சீனியர். மோசமானவர் என்று அவரைச் சொல்ல மாட்டோம். அவருக்கும் 9,000தான் சம்பளம். ஆனால் அவர் சொன்னதில் இருந்தது நமக்குப் பழக்கமான கணக்கு. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து வைக்கிறது என்று பாபாசாகேப் 1936இலேயே விளக்கிவிட்டார். ஒரு படி மேலே ஏறியவர் கீழ்ப்படியைப் பார்க்காமல் இருப்பதில்தான் அந்த ஏணி நிற்கிறது. இரண்டு நாள் பேசினோம். கடைசியில் எட்டுப் பேர் நான்கு கோரிக்கையோடும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "ஊசி போட்டா கை வலிக்குமா? மறுநா வரலன்னா சம்பளம் புடிப்பாங்களே."

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறோம். மனுவுக்கு ஒரு மாதம் பதில் இல்லை. வழக்கறிஞர் தோழர் ஒருவர் மூலம் நோட்டீஸ் போன பிறகு சான்றிதழ்கள் எல்லாருக்கும் திரும்பி வந்தன. சம்பளம் 7,500இலிருந்து 9,000 ஆனது. 20,000 ஆகவில்லை. ஆறு ஆயாக்களுக்கும் முதல் தவணை ஊசி போடப்பட்டது. ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாவது மாதம் மூன்றாவதும் போடும்வரை நாங்களே தேதியைக் குறித்து வைத்து நினைவுபடுத்தினோம். தடித்த கையுறை வந்தது. கிழிந்தால் உடனே மாற்றுக் கையுறை தருவது வரவில்லை. மனுவை எழுதியவள் என்று எங்களில் ஒருத்திக்குத் தொடர்ந்து நைட் டூட்டி போட்டார்கள். நான்கு மாதத்தில் அவள் வேலையை விட்டாள். கையில் சான்றிதழ் இருந்ததால் அடுத்த மாதமே வேறு இடத்தில் சேர முடிந்தது.

இன்று நான்கு பேரில் இரண்டு பேர் தனியாரில், ஒருத்தி வெளியூரில் டயாலிசிஸ் பிரிவில். இன்னொருத்தி 2019 தேர்வு எழுதி, 2020இல் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் சேர்ந்தாள். தொற்றுக் காலம் முழுக்க பி.பி.இ. உடைக்குள் நின்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரோடு சேர்த்து, 2022 டிசம்பர் 31 அன்று அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மறுபடியும் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். கைதட்டி விளக்கேற்றிய நாடு நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட மறந்துவிட்டது.

ஆகவே, சேரப் போகிறவர்களுக்கு: கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது, எங்கள் காலத்தில் இல்லை. ஒரிஜினல் சான்றிதழை எந்த வேலைக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே கல்லூரிக்கு இரண்டு பேராவது சேர்ந்து போங்கள்.

வேலை கிடைத்த முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வார்டைக் கூட்டுகிற அம்மாவின் பேரைக் கேளுங்கள். தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், நீங்கள் எழுத வேண்டிய முதல் மனு எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெய் பீம்.