ஞாயிறு பிற்பகல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் சற்று நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். வாரத்தின் மற்ற நாள்களில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்த இளைஞர் கூட்டம் அன்று நடந்து வருகிறது. முடி திருத்தியிருக்கிறார்கள், துவைத்து மடித்த சட்டை அணிந்திருக்கிறார்கள். எங்கே செல்கிறார்கள் என்று பார்த்தால் எங்கும் செல்லவில்லை. கைப்பேசிக் கடை வரை நடக்கிறார்கள். கடுகெண்ணெய் விற்கும் கடையில் ஒரு புட்டி வாங்குகிறார்கள். தேநீர் அருந்துகிறார்கள். பின்பு வந்த வழியே திரும்புகிறார்கள். மேம்பாலத்தின் நிழலில் நால்வர் ஐவராக அமர்ந்து, ஊரில் இருக்கும் தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இவர்களைக் கவனிக்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. என் வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் ஐந்து இளைஞர்கள் குடியிருக்கிறார்கள். நால்வர் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தினர். ஒருவர் ஒடிசாவின் சுந்தர்கர் பகுதியினர். உதிரிபாகத் தொழிற்சாலைகளில் முறைப்பணி செய்கிறார்கள். அவர்கள் என் வீட்டைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், எனக்கு இந்தி தெரியும் என்பதே. அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் சாத்ரி மொழியும் எனக்கு ஓரளவு விளங்கும்.

இந்த மண்ணில் பிறந்தவன் நான். ஏரிப் பாசனமும் நெல்லும் வேர்க்கடலையுமாக இருந்த ஊர். 1979-இல் இங்கே பிழைப்பில்லை என்று ரூர்கேலா உருக்காலைக்குப் பயிற்சித் தொழிலாளியாகச் சென்றேன். நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, பிழைப்புத் தேடி உலகமே இங்கு வந்திருந்தது! 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர் சரக்குந்துகள், அடுத்தடுத்துப் பல. இராமானுசர் பிறந்த ஊர்ச் சாலையில் இன்று கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் தொங்குகின்றன. கொரியரும் ஜப்பானியரும் வார இறுதியில் சென்னைக்குச் சென்றுவிடுகிறார்கள்; அவர்களுக்கு வாகனம் உண்டு, குழிப்பந்தாட்டத் திடல் உண்டு, தம்மவர் கூடும் இடங்களும் உண்டு. மேம்பாலத்து நிழலில் அமர்பவன் வேறொருவன்.

சிம்டேகாவைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு சொல். 1885-இல் சோட்டா நாக்பூருக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளாரின் உழைப்பால் திருமறையைத் தழுவிய முண்டா, ஒராவோன், கரியா இன மக்களின் நிலம் அது. எனவே ஞாயிறு காலையில் இந்த ஐவரும் கோவிலுக்கு வந்துவிடுவார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நிற்பார்கள். தமிழ்ப் பாடல் புரியாது; ஆயினும் எழும் நேரமும் முழந்தாளிடும் நேரமும் தவறுவதில்லை. திருப்பலி முடிந்து நாம் வாசலில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருக்கையில் அவர்கள் சுவரோரமாகவே நடந்து வெளியேறிவிடுவார்கள். அதை நானும் பல மாதங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

ஒருமுறை விடுமுறைக்கு ஊர் சென்ற ஒருவன், திரும்பும்போது தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டியில் ஒரு முழவைச் சுமந்து வந்தான். களிமண்ணால் செய்த உடல், இருபுறமும் தோல், கழுத்தில் மாட்டிக்கொள்ள வார். அதற்கு அவர்கள் மொழியில் 'மாந்தர்' என்று பெயர். நம் மொழியில் அச்சொல் மக்களைக் குறிக்கும் என்பதை நினைத்து நான் தனியே சிரித்துக்கொண்டதுண்டு. அன்று ஞாயிறு மாலை மொட்டை மாடியில் அது ஒலித்தது. வேறு அறைகளிலிருந்தும் சிலர் வந்துவிட்டார்கள். கைகோத்து வரிசையாக நின்று, மூன்றடி முன்னும் இரண்டடி பின்னுமாக ஆடினார்கள். ஏழு மணியிருக்கும். பக்கத்து வீட்டார் வந்து, "என்ன சார், குடிச்சிட்டுக் கூத்தடிக்கிறானுங்க, நீங்க சும்மா இருக்கீங்க?" என்றார்.

ஒருவனும் குடித்திருக்கவில்லை, எனக்கு அது தெரியும். ஆயினும் படியேறிச் சென்று, அவர்களுக்கு நன்கு புரியும் அவர்கள் மொழியிலேயே சொன்னேன்: இங்கே இதெல்லாம் கூடாது, ஒன்பது மணிக்கு வாயிற்கதவைப் பூட்டுவேன், வெளியார் எவரும் வரக்கூடாது, விருப்பமில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். முழவு வாசித்தவன்தான் அவர்களில் இளையவன், பத்தொன்பது வயதுப் பிள்ளை. "சரி, அங்கிள்" என்று சொல்லிக் கழுத்திலிருந்து வாரைக் கழற்றினான்.

அதற்குப் பின் மாடியில் பேரமைதி நிலவியது. வாடகை முதல் தேதியே வந்தது. என் துணைவியார்தான் ஒருநாள், "பசங்க மேல இருக்காங்களா இல்லையான்னே தெரியலங்க" என்றாள். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

நான்கு மாதங்கள் கழிந்தபின் இளையவனைக் காணவில்லை. ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். சம்பளத்தில் குறையா, மேற்பார்வையாளர் திட்டினாரா, உடல்நலமில்லையா என்று அடுக்கிக் கேட்டேன். சுந்தர்கர் இளைஞன் சற்றுத் தயங்கி, "மன் நஹீ லகா, அங்கிள்" என்றான். மனம் ஒட்டவில்லை என்று பொருள். வேறு காரணம் சொல்லவில்லை.

அச்சொற்களை நான் முன்பே அறிவேன். நானே சொன்னவை அவை. ரூர்கேலாவில் என் முதல் ஆண்டு. இந்த ஐவரின் வயதுதான் எனக்கும். வேலை நாள்கள் எப்படியோ கழிந்துவிடும். உலையின் வெப்பமும் சங்கொலியும் மனிதனை நினைக்க விடா. ஞாயிற்றுக்கிழமைதான் பகைவன். விடுதியில் காலை உணவு முடிந்தால், இரவு உணவு வரை ஒரு பாலைவனம். கடைத்தெருவில் மேலும் கீழும் நடப்பேன். யாரோ தூரத்தில் தமிழ் பேசுவதுபோல் கேட்டு விரைந்து சென்று, அது தெலுங்கு என்று அறிந்து திரும்பியதுண்டு. ஒரு திங்கட்கிழமை, என்னோடு பணிசெய்த ஒராவோன் இனத்தவர் ஒருவரிடம், எனக்கு இங்கே மனம் ஒட்டவில்லை, ஊருக்குப் போகப்போகிறேன் என்றேன். அவர் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. அடுத்த ஞாயிறு விடியலில் விடுதி வாசலில் வந்து நின்றார். பேருந்தில் தம் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார்.

அவ்வூரின் நடுவே மரங்கள் சூழ்ந்த திறந்த வெளி ஒன்று இருந்தது. 'அக்ரா' என்பார்கள். நம் ஊர் மந்தைவெளி போன்றதுதான். ஆனால் ஆடுவதற்கென்றே விடப்பட்டது. பிற்பகல் முழுவதும் வயலோரத்தில் ஹாக்கி. பலர் கையில் இருந்தவை வளைத்துச் செதுக்கிய மூங்கில் மட்டைகள். வென்ற அணிக்குப் பரிசு ஒரு கிடா! ஆட்டம் முடிந்ததும் பரிசைச் சமைத்து, தோற்றவர்களும் சேர்ந்தே உண்டார்கள். இப்படிப்பட்ட வயல்களிலிருந்துதான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணிக்கு மைக்கேல் கிண்டோ சென்றார். சுந்தர்கரிலிருந்து திலீப் திர்க்கி. 2024-இல் இந்திய மகளிர் அணித் தலைமையை ஏற்ற சலீமா டெட்டேயும் சிம்டேகாக்காரரே. அன்று இவையெல்லாம் நான் அறியேன். இருட்டியதும் மாந்தர் ஒலித்தது. ஒரு கிழவி என் கையைப் பிடித்து வரிசையில் சேர்த்துக்கொண்டாள். என் பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. நான் அடி தவறும்போதெல்லாம் வரிசை முழுவதும் சிரித்தது. கையை மட்டும் எவரும் விடவில்லை. நாற்பது ஆண்டுகள் அங்கே நான் தங்கியது நல்ல சம்பளத்துக்காக என்று உறவினர் எண்ணுகிறார்கள். எண்ணிக்கொள்ளட்டும்.

இத்தனையும் பெற்றவன்தான் அந்தப் பிள்ளையின் கழுத்திலிருந்து முழவைக் கழற்றச் சொன்னவன்! வீட்டுக்காரன் என்ற பெயர் மனிதனை எவ்வளவு விரைவில் மறதிக்காரனாக்கிவிடுகிறது!

இந்த வட்டாரத்தில் இடமே செய்யப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகத்தைத் தமிழக அரசு திறந்தது. கூரையில்லாதவருக்குக் கூரையின் அருமை தெரியும். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் படுக்கைகளை எண்ணுவதுபோல் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை எண்ண முடிவதில்லை. இப்பகுதியில் என்னைப்போல் அறை வாடகைக்கு விடுவோர் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி உண்டா, கழிப்பறை எத்தனை என்று பேசுகிறோம். உட்கார்ந்து பேச ஒரு திண்ணை உண்டா என்று குடிவருபவனும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. திண்ணைகளை நாம் இடித்தே நெடுநாளாயிற்றே!

நான் செய்தது மிகச் சிறிது. எங்கள் தெருவுக்குப் பின்னால், விலை போகாத வீட்டுமனைப் பிரிவு ஒன்று முள்மண்டிக் கிடந்தது. அதன் உரிமையாளர் எனக்குப் பழக்கமானவர். பையன்கள் விளையாடட்டுமா என்று கேட்டேன். "கல்லப் புடுங்காம இருந்தா சரி" என்றார். மாடிப் பிள்ளைகளும் அவர்கள் நண்பர்களும் இரண்டு ஞாயிறுகளில் முள்ளை வெட்டிச் சமன் செய்தார்கள். மனைக்கற்களே இலக்குக் கம்பங்கள். முதலில், அவ்விடத்தின் ஒரு மூலையில் கிரிக்கெட் ஆடிவந்த எங்கள் தெருப் பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். எல்லைக்கோடு பற்றி ஒரு வாரம் பெருவழக்கு நடந்தது. இப்போது ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஹாக்கியில் நடுக்களம் ஆடுகிறான். கிடாய்க்கு இங்கே வசதியில்லை. தோற்ற அணி இரண்டு கிலோ கோழி வாங்கித் தரவேண்டும் என்பது விதி. கடுகெண்ணெயில் சமைப்பதால் எங்கள் தெருவாருக்கு அது பிடிக்கவில்லை. என் துணைவியார் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புகிறாள், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

மாந்தர் மீண்டும் ஒலிக்கிறது. ஒன்பது மணி வரை என்று பக்கத்து வீட்டாரிடம் பேசி முடித்திருக்கிறேன். அவர் மகிழ்ந்து ஒப்பினார் என்று சொன்னால் பொய்யாகும்.

ஊருக்குப் போன இளையவனுக்குச் சுந்தர்கர் இளைஞனின் கைப்பேசியிலிருந்து ஒருமுறை பேசினேன். திடல் இருப்பதைச் சொன்னேன். திரும்பி வருகிறாயா தம்பி என்று கேட்டேன். நலமாக இருக்கிறேன் அங்கிள், இப்போது நடவு நேரம் என்றான். முழவை என்ன செய்வது என்று கேட்டேன். அங்கேயே இருக்கட்டும், அவர்கள் வாசிக்கட்டும் என்றான். அவன் மூங்கில் மட்டை ஒன்றும் மாடிப்படியின் அடியில் சாய்ந்து நிற்கிறது. சென்ற வாரம் ஆட்டத்துக்கு ஆள் கூடி மட்டை குறைந்தபோது ஒருவன் அதை எடுக்க வந்தான். "வேறு பார், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.