ஓய்வூதியமும் தாபரிப்பும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்னும் பழமொழியைத் தீவகத்து மக்களைப்போல் மெய்யெனக் கொண்டவர் அரியர். வானம் பார்த்த வயலும், பனையும், கடலுமே வாழ்வாதாரமாயிருந்த ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுப் பகுதிகளிலே, அரசாங்க உத்தியோகம் மாதச் சம்பளத்தோடு முதுமைக்குரிய பென்சனையும் உறுதிசெய்தது. சீதனம் பேசிய பெற்றோர் அப்பென்சனையும் மனத்திற் கொண்டே பேசினர். ஆயின், அவ்வாறமைந்த இல்லறம் முறிந்து, நீதிமன்றக் கட்டளைப்படி கணவர் மாதந்தோறும் தாபரிப்புப் பணம் செலுத்திவருங்கால், அவர் ஓய்வுபெற்றால் அக்கட்டளை யாதாகும்?

இவ்வினா எனக்கு ஏட்டறிவால் எழுந்ததன்று. நெடுந்தீவில் வாழும் எனது பெரியம்மா முறையான ஒருவருக்கு, மணவிலக்குப் பெற்ற கணவர் ஓய்வுபெற்ற மாதத்திலேயே பணம் நின்றுபோயிற்று. “அவர் பென்சன் எடுத்திட்டார்; இனி நான் என்னத்தைக் கேக்கிறது மோனை?” என்றார். ஓய்வு வந்ததும் கடமையும் ஓய்ந்துவிடும் என்று இருவருமே நம்பியிருந்தனர்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. மணவிலக்குத் தீர்ப்பு வழங்கும்போது, ஒருவர் மற்றவருக்கு மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் பணம் செலுத்துமாறு கட்டளையிட, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கிறது. அக்கட்டளையைப் பின்னர் நீக்கவும், மாற்றவும், தற்காலிகமாக நிறுத்தவும், கூட்டவும் அந்நீதிமன்றத்தாலேயே முடியும். மணவிலக்கின்றிக் கைவிடப்பட்டோருக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் உண்டு. அதன்படி சூழ்நிலை மாறியதென எண்பிக்கப்பட்டால் நீதவான் தொகையைத் திருத்தலாம். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வாழ்க்கைத்துணையருள் மனைவிக்கு மட்டுமே வழங்கிய உரிமையை, 1999ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலார்க்கும் பொதுவாக்கியது. ஆகவே தன்னைப் பராமரிக்க இயலாத கணவரும், வசதியுள்ள மனைவியிடம் தாபரிப்புக் கோரலாம்.

எனவே ஓய்வு என்பது கட்டளையைத் திருத்துமாறு மனுச்செய்வதற்கு நியாயமான காரணமே. எனினும் அதுவே தீர்ப்பாகிவிடாது. திருத்தம் பெறும்வரை பழைய தொகையே கடன். தாமாகவே நிறுத்திக்கொள்பவர் நிலுவையைத்தான் வளர்க்கிறார்.

ஓய்வுபெற்றவர் பக்கத்து நியாயத்தையும் மறுத்தல் தகாது. ஓய்வூதியம் இறுதிச் சம்பளத்திலும் குறைந்தது. அரச ஊழியரின் ஓய்வு வயது 65இலிருந்து 60ஆக மாற்றப்பட்டு, அது 2022ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தபோது, பலரது கணக்குகள் ஒரே நாளிற் பிழைத்துப்போயின. இத்தகையவரிடம் பழைய தொகையையே வற்புறுத்துவது கொடுமையாகலாம். அதே வேளை, ஓய்வுபெறுங்கால் அவர் கைக்கு வரும் பணிக்கொடையையும் கணக்கிற் சேர்த்தே அவரது வசதியை மதிப்பிடவேண்டும்.

மறுபக்கத்தில் முதுமை அவளுக்கும் வருகிறது. ‘சீதனக் காணி இருக்கிறதே’ என்பர் சிலர். தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்தே. ஆயினும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், மணவாழ்வு நிலவுங்கால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அசையாச் சொத்தைக் கைமாற்ற அவளை விடவில்லை. மணவிலக்கின்பின் அத்தடை நீங்கினும், உறவினர் பலர் புலம்பெயர்ந்துவிட்ட நெடுந்தீவிலே, முருகைக்கல் வேலி சூழ்ந்த காணியை வாங்குவார் யார்? அது மாதச் செலவுக்கு உதவுமா? மருத்துவத்துக்காகக் குறிகட்டுவான்வரை படகிலும், அங்கிருந்து யாழ்ப்பாணம்வரை பேருந்திலும் செல்லவேண்டிய முதியவளுக்குத் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

ஆகவே சம்பளம் எத்தனை பங்கு குறைந்ததோ, தாபரிப்பும் அத்தனை பங்கு குறையவேண்டுமென்று வாய்பாடு வகுத்தல் பொருந்தாது. இருவர் வருமானத்தையும் தேவையையும் ஒருங்குவைத்து நிறுக்கவேண்டும். அவள் உத்தியோகம் பார்க்காதது சோம்பலாலன்று. அவர் கொழும்பிலும் மலையகத்திலும் சேவையாற்றிய காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் காத்தவள் அவள். அப்பென்சனுள் அவளது உழைப்பும் கலந்தேயிருக்கிறது.

பெரியம்மா முதலிற் பெரிதும் தயங்கினார். “இந்த வயதில கோட்டுப் படி ஏறுறதோ?” என்பதே அவர் கவலை. இறுதியில் சட்டத்தரணியை நாடி மனுச்செய்தார். தொகை குறைக்கப்பட்டது, ஆயினும் நின்றுபோகவில்லை. கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு என்பதை முன்னரே அறிந்திருந்தால், பணமின்றிக் கழிந்த மாதங்களை அவர் தவிர்த்திருக்கலாம். அவருடைய கணவரும் நிலுவைக் கடனின்றி நேர்வழியே சென்று சலுகை பெற்றிருக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழு போன்ற அமைப்புகள் உள்ளன எனினும், அவற்றை நாடலாம் என்னும் செய்தி தீவுக் கிராமங்களுக்குத் தெளிந்த தமிழிற் சென்றடையவேண்டும். சட்டம் பயிலும் நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஆற்றத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.