வற்றவிடக் கூடாத தடாகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கற்பாறை உள்வாங்கி வைத்திருக்க, அதனைக் கிணறுகளின் வழியே பெற்று வாழ்ந்தவர்கள் நாம். கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் அயலவர் கூடிக் கிணற்றை இறைப்பர்; அடியிற் படிந்த சேற்றை வாரி வெளியேற்றுவர்; ஊற்றுக்கண் திறந்து புதுநீர் சுரக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்னும் பழமொழியை நாம் ஏட்டிற் படித்து அறியவில்லை. கண்ணாற் கண்டு அறிந்தோம்.

இந்நாட்டில் நம்மவரிற் சிலர் இன்று நீச்சல் தடாகம் உள்ள வளவுகளில் வாழ்கின்றனர். சிலர் வீட்டை வாங்கியபோது தடாகமும் உடன் வந்தது. வேறு சிலர் அத்தகைய வீடுகளின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கின்றனர். மார்க்கம் நகரின் ஒரு பகுதியாகிய யூனியன்வில்லில் எனது தமையனாரின் வீட்டிலும் தடாகம் உண்டு. அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் எமது குடும்பம் இருக்கிறது. ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை நன்றியறிதல் நாள். அதனையொட்டிப் பலரும் தடாகத்தைப் பனிக்காலத்துக்கென மூடிவிடுவர். தமையனாரும் அதற்கு ஆயத்தமானபோது, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்து முதிர்ந்தவராகிய அவரது மாமனார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“உறையிறதுக்குத் தண்ணியே இல்லாட்டி என்னத்தை உடைக்கப்போகுது, மாஸ்டர்? முழுக்க இறைச்சு விட்டால் என்ன?”

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் கிணறு நிலத்தடி நீருக்கு நாம் திறந்துவைத்த வாய். தடாகமோ நிலத்தினுள் இறக்கிவைத்த பாத்திரம். பாத்திரத்தில் நீர் நிறைந்திருக்கும்வரை அதன் பாரம் வெளியேயுள்ள நீரின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும். அதனை வற்றவிட்டால், மழையாலும் உருகும் பனியாலும் நிலத்தடி நீர் உயரும் வேளையில், கொங்கிறீற் தொட்டியையே அது தோணிபோல் மேலே தூக்கிவிடக்கூடும். வினைல் விரிப்பு இட்ட தடாகமாயின் விரிப்புச் சுருங்கிக் கிழியவும், சுவர் உட்சரியவும் இடமுண்டு.

இதனை விளக்க ஊரையே உதாரணமாகக் காட்டினேன். குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மீது மிதக்கிறது. மேலுள்ள நன்னீரின் பாரமே உவர்நீரை அமுக்கி வைத்திருக்கிறது. இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உவர் ஏறியதற்குக் காரணம் அதுவே. மேலே உள்ளது குறைந்தாற் கீழே உள்ளது எழும்பும் என்றேன். பெரியவர் தடாகத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்ப இதுவும் எங்கடை கிணறு மாதிரித்தான்” என்றார்.

அவ்வாறாயின் பனிக்காலத்தில் உடைவது எது? நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் பெருகும். திறந்த தடாகத்தில் உறைதல் மேற்பரப்பிலேயே தொடங்கும். கீழே 4 பாகை செல்சியஸ் அளவிலுள்ள கனத்த நீர் தங்கியிருக்கும். ஆனால் குழாயினுள்ளும் பம்பினுள்ளும் அகப்பட்ட நீருக்குப் பெருக இடமில்லை; அங்கேதான் வெடிப்பு உண்டாகும். தென் ஒன்ராறியோவில் உறைபனி நிலத்தினுள் 4 அடி வரை இறங்கும் என்று கருதியே வீடுகளுக்கு அத்திவாரம் இடுகின்றனர். தடாகக் குழாய்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே கிடப்பவை. ஆகவே நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, பம்பு, வடிகட்டி, சூடேற்றி ஆகியவற்றை முற்றாக வடித்து, குழாய்களிற் காற்றை ஊதி நீரை அகற்றி, வாய்களை அடைத்துவிட வேண்டும். குழாயில் உறைதடுப்புத் திரவம் விடுவதாயின் தடாகத்துக்கென விற்கப்படும் புறொப்பிலீன் கிளைக்கோலையே விடவேண்டும். மோட்டார் வாகனத்துக்குரிய எதிலீன் கிளைக்கோல் நஞ்சாகும்.

நீரைத் தாழ்த்தும்போது அது போய்ச்சேரும் இடத்தையும் எண்ணுதல் வேண்டும். தெருவோர வடிகாலில் விழும் நீர் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகளை அடைகிறது. யூனியன்வில்லின் புரூஸ் ஓடை ரூகுட் குளத்தின் வழியாகச் சென்று றூஜ் ஆற்றிற் கலந்து ஒன்ராறியோ ஏரியைச் சேர்கிறது. நாம் குடிக்கும் நீரும் அவ்வேரியிலிருந்தே வருகிறது. குளோரின் செறிந்த நீர் மீன்களைக் கொல்லும். எனவே நீரைத் தாழ்த்திய பின்னரே இறுதி மருந்தை இடுதல் நன்று. வெளியேற்றும் முறை பற்றி நகரசபையிடம் கேட்டறிதலும் நன்று. குளோரினையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தலாகாது, எழுவது நச்சுவாயு.

இவையாவும் பொருளைக் காக்கும் காரியங்கள். உயிரைக் காப்பது மூடுவிரிப்பு. நீர் நிரப்பிய பைகளை ஓரத்தில் வைத்து விரிக்கும் சாதாரண விரிப்பு இலைகளைத் தடுக்கும்; குழந்தையைத் தாங்காது. அதன்மேல் மழைநீர் சில அங்குலம் தேங்கினாலே குழந்தைக்கு ஆபத்து. பனி மூடியபின் எது புற்றரை, எது தடாகம் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஏ.எஸ்.ரி.எம். எவ் 1346 என்னும் நியமத்துக்கு அமைந்த பாதுகாப்பு விரிப்பு, சுற்றியுள்ள தளத்தில் இறுகப் பிணைக்கப்படுவது. 485 இறாத்தற் பாரத்தைத் தாங்கவேண்டியது. இரு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சேர்ந்த நிறையென அவ்வளவை வகுத்துள்ளனர்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்போர் இதனைத் தமக்குப் புறம்பான விடயமென்று எண்ணலாகாது. தடாகம் வீட்டுக்காரருடையது, பின்வளவில் ஓடி விளையாடும் பிள்ளை எம்முடையது. விரிப்பு எவ்வகையினது, வேலிப்படலை தானே பூட்டிக்கொள்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. வாடகை குறைக்கும்படியா கேட்கிறோம்? கட்டில்லாத கிணற்றருகே பிள்ளையை விடாத தாய்மாரின் மக்கள் அல்லவா நாம்!

இனி மே மாதத்தில், விக்ரோறியா நாளையொட்டித்தான் தடாகங்கள் மீண்டும் திறக்கப்படும். அதற்கிடையில் ஏழு மாதங்கள் உள்ளன. நகரசபையின் சமூக நிலையங்களில் பனிக்காலத்திலும் நீச்சல் வகுப்புகள் நடைபெறுகின்றன. தடாகத்தைப் பூட்டிவைக்கும் இக்காலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்பித்துவிட்டால், அது திறக்கும் நாளில் எமது அச்சமும் குறைந்திருக்கும்.